மடைகாத்தாளின் கனம்

வண்டாழங்குடி மடைகாத்த அம்மனுக்கு எடை குறைந்துபோனது ஒரே நாளில் நடந்த காரியமில்லை. புழங்குகிற வீட்டில் உப்பு ஜாடி குறைவதை யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை அல்லவா, அப்படித்தான் அதையும் யாரும் பார்க்கவில்லை. பார்த்த ஒன்றிரண்டு பேரும் இந்த வருஷம் நமக்குத்தான் தோளில் தெம்பு கூடியிருக்கிறது என்று மீசையைத் தடவிக்கொண்டார்கள். ஒரு காலத்தில் அம்மனின் ஐம்பொன் திருமேனியைப் பல்லக்கில் வைத்து, வடக்குத் தெருக்காரர்கள் வடக்குத் தண்டிலும் தெற்குத் தெருக்காரர்கள் தெற்குத் தண்டிலும் தோள் கொடுத்து, கோயில் வாசலை விட்டுக் கிளம்பும்போது தூக்குகிறவர்களின் கழுத்து நரம்பு புடைக்கும், முட்டி நடுங்கும், வீட்டுக்கு வீடு பெண்கள் மஞ்சள் தண்ணீரைக் குடம் குடமாக அவர்கள் காலில் ஊற்றிச் சூடு ஆற்றுவார்கள், மறுநாள் ஊர் ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும் தோளில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு முனகிக் கிடப்பார்கள். அப்புறம் தண்டுக்கு ஆறு பேர் என்றிருந்தது நான்கு பேர் என்றானது, நான்கு பேரும் போனில் பேசிக்கொண்டே தூக்கலாம் என்றானது, கடைசியில் அம்மனைவிடப் பல்லக்குதான் கனம் என்று ஆனபோதுகூட, நல்லதுதான் போ, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தோதாக அவளும் மாறிக்கொண்டாள் என்று ஊர் சந்தோஷப்பட்டது.

அந்தத் தூக்குதலில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. முன்னால் நிற்கிற ஆள் தோள் மாற்ற வேண்டுமென்றால், எதிர்த் தண்டில் தனக்கு நேராக நிற்பவனிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவன் "மாத்து" என்று பதில் சொன்ன பிறகுதான் இவன் தண்டுக்கு அடியில் குனிந்து மறுபக்கம் வரலாம். அந்த ஒரு மூச்சு நேரம் இவன் பங்குக் கனத்தையும் அவன் சேர்த்து வாங்கிக்கொள்வான். வாய்க்கால் தகராறில் வருஷக்கணக்காக முகம் பார்க்காதவனாக இருந்தாலும் பல்லக்கின் கீழே பேசித்தான் ஆக வேண்டும். அந்த ஊரில் எத்தனையோ பகை இப்படித் தோள் மாற்றுகிற இடத்தில் பேச்சுக்கு வந்து, அந்தப் பேச்சு அப்படியே வீடு வரைக்கும் நீண்டு, சாப்பாட்டு இலையில் போய் முடிந்திருக்கிறது.

எடை ஏன் குறைந்தது என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள், அதைப் பற்றி நமக்கு என்ன. முன்பெல்லாம் காய்ச்சலுக்கும், காணாமல்போன ஆட்டுக்கும், மடை உடைப்புக்கும், மாமியார் கொடுமைக்கும், பத்தாம் வகுப்புக் கணக்குக்கும் ஜனங்கள் அவளிடம்தான் வந்து நின்றார்கள். இப்போது காய்ச்சலுக்கு மாத்திரை இருக்கிறது, மழைக்குப் போனில் படம் வருகிறது, கணக்குக்கு டியூஷன் இருக்கிறது. இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. செவ்வாய், வெள்ளியில்கூட விளக்குக்கு எண்ணெய் கொண்டுவர ஆளில்லாமல் பூசாரி மாசிலாமணி பக்கத்து ஊரில் இன்னும் இரண்டு கோயில்களை ஒத்துக்கொண்டு மொபெட்டில் பறந்துகொண்டிருந்தார். வேடிக்கை என்னவென்றால் திருவிழாக் கூட்டம் மட்டும் குறையவில்லை, கூடிக்கொண்டே போனது. பேனர் பெரிதானது, கொடி பெரிதானது, பையன்கள் நெற்றியில் துணி கட்டிக்கொண்டு அம்மன் பேரைத் தொண்டை கிழியக் கத்தினார்கள், கத்தி முடித்துவிட்டு அவள் பக்கம் திரும்பாமலே செல்பி எடுத்துக்கொண்டு போனார்கள். ஒருநாள் மத்தியானம் அம்மன் பீடத்தைவிட்டு ஒரு விரல்கடை மேலே நிற்பதைப் பார்த்த மாசிலாமணி, மொபெட்டை நிறுத்த வைத்திருந்த செங்கல்லைக் கொண்டுவந்து அவள் பாதத்தில் வைத்தார், மறுவாரம் தன் துண்டால் பீடத்தோடு சேர்த்துக் கட்டினார், யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் தன்னைத்தான் குறை சொல்வார்கள் என்று அவருக்குப் பயம்.

இதையெல்லாம் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கவனித்தவள் அஞ்சுகம். நாலுமுக்கில், வடக்குத் தெருவும் தெற்குத் தெருவும் முட்டுகிற இடத்தில் மாவு மில் வைத்திருப்பவள். பிறந்தது தெற்குத் தெரு, வாழ்க்கைப்பட்டது வடக்குத் தெரு. எதையும் தொட்டுப் பார்க்காமல் விடமாட்டாள். கல்லுக்கு அடியில் இறங்குகிற மாவைச் சூட்டோடு இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்க்கிற பழக்கம் அவளுக்கு எல்லா விஷயத்திலும் இருந்தது, அது அவள் வீட்டுக்காரர் கலியமூர்த்திக்குப் பிடிக்காது. பிடிக்காவிட்டால் போகட்டும் என்று அவளும் இருந்தாள்.

முந்தின வருஷத்துக்கு முந்தின ஆடியில்தான் அது நடந்தது. பல்லக்கு நாலுமுக்கில் திரும்புகிறது. வடக்குத் தண்டில் முன்னால் கலியமூர்த்தி, தெற்குத் தண்டில் முன்னால் அஞ்சுகத்தின் தம்பி பக்கிரிசாமி. கனமே இல்லாத சுமைக்கு எதற்குச் சொல்லிக்கொண்டு என்று யாரோ ஒருவர் சொல்லாமல் தோள் மாற்ற, பல்லக்கு சாய, அம்மனுக்குப் பின்னால் இருந்த திருவாசி பேனர் கம்பியில் இடித்து வளைந்தது. நீதான் மாற்றினாய் என்று இவர், நீங்கள்தான் என்று அவன். இரண்டு தெருவும் கைகலப்பில் இறங்கி, கும்பலில் பல்லக்கு கீழே இறங்கிய நேரத்தில், அடுப்பில் பால் மேலே வருவதுபோல அம்மன் மெல்ல, அவசரமே இல்லாமல், பல்லக்கை விட்டு மேலே எழுந்தாள். எழுந்தவளை வடக்குத் தெருக்காரன் ஒருவன் கொடிக்கயிற்றை வீசிப் பிடித்தான், தெற்குத் தெருக்காரன் ஒருவன் பந்தல் கயிற்றை வீசிப் பிடித்தான், அவள் மாடி வீட்டு உயரத்தில் இரண்டு கயிற்றுக்கும் நடுவில் நின்றுவிட்டாள். மில் வாசலில் மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு நின்றிருந்த அஞ்சுகம் எல்லாவற்றையும் பார்த்தாள். இரண்டு பேருமே, ஒரே நேரத்தில், ஒருவருக்கொருவர் சொல்லாமல்தான் தோள் மாற்றினார்கள். அவளிடம் யாரும் கேட்கவில்லை; அவளாகச் சொன்னபோது வீட்டுக்காரர் அவளைத் தெற்குத் தெருக்காரி என்றார், தம்பி அவளை வடக்குத் தெருக்காரி என்றான்.

அம்மனைக் கோயிலுக்குள் கொண்டுபோக வேண்டுமென்றால் வாசல் குறுகல், ஏதாவது ஒரு பக்கத்துக் கயிற்றை அவிழ்த்தாக வேண்டும். எங்கள் கயிற்றை அவிழ்க்க மாட்டோம் என்று இரண்டு பக்கமும் சொல்லிவிட்டதால் அவள் நாலுமுக்குக்கு மேலேயே தங்கிப்போனாள், ஊரும் அதற்குத் தக்கபடி தன்னை அமைத்துக்கொண்டது. கரண்டு ஆபீஸ்காரர்கள் வந்து கம்பியை உயர்த்திக் கட்டினார்கள். வைக்கோல் லாரிகள் சுற்றுப்பாதையில் போயின. டவுன் பஸ் கண்டக்டர் "அம்மன் அடி" என்று புதிதாக ஒரு நிறுத்தத்தின் பெயரைக் கூவினார். பகல் உச்சியில் அவள் நிழல் விழுகிற இடத்தில் ஒரு இளநீர் வண்டி நிரந்தரமாக நின்றது, மழைக்காலத்தில் அவள் பாதத்திலிருந்து சொட்டுகிற தண்ணீரை முதலில் தீர்த்தம் என்று பிடித்தார்கள், பிறகு சட்டையை நனைக்கிறது என்று திட்டிக்கொண்டு குடையை விரித்தார்கள். கல்லூரியிலிருந்து வந்த பேராசிரியர்கள் கீழேயிருந்து எதையோ அளந்துகொண்டு போனார்கள். சாமி இல்லை என்று மேடை போட்டுப் பேசுகிற ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் சிங்காரவேலர் மட்டும் பொம்மைக்குள் வாயு அடைத்திருக்கிறார்கள் என்று நோட்டீஸ் போட்டார். கயிறு பிடிக்க முறை வைத்துக்கொண்டார்கள். வடக்கே ஒரு பந்தல், தெற்கே ஒரு பந்தல், பந்தலுக்குப் பந்தல் மைக், கேரம் போர்டு. வடக்குத் தெருக்காரர்கள் மடைகாத்தாள் பக்தர் பேரவை என்று வாட்ஸ்அப்பில் குழு ஆரம்பிக்க, தெற்குத் தெருக்காரர்கள் மடைகாத்தாள் உண்மை பக்தர் பேரவை என்று ஆரம்பித்தார்கள். பந்தலில் பிடிக்கிற ஆட்களில் எவனாவது தலையைத் தூக்கி அவள் முகத்தைப் பார்த்தானா என்றால் இல்லை, எதிர்ப் பந்தலில் எத்தனை பேர் என்று எண்ணுவதற்கே அவர்களுக்கு நேரம் சரியாக இருந்தது.

இரண்டு தெருவுக்கும் கொடுக்கல் வாங்கல் நின்றது, பெண் எடுப்பதும் கொடுப்பதும் நின்றது, மில்லில்கூட வடக்குத் தெரு டப்பாக்கள் ஒரு வரிசை, தெற்குத் தெரு டப்பாக்கள் ஒரு வரிசை என்றானது. இவர்கள் மிளகாய் அரைத்த கல்லில் எங்கள் மிளகாயை அரைக்காதே என்று ஒருத்தி சொன்னபோது அஞ்சுகம் சிரித்துவிட்டாள். சிரித்த கையோடு அவளுக்கு அழுகையும் வந்தது. ஏனென்றால் மகள் இலக்கியாவுக்கு ஆவணியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தாய்மாமன் வந்து நெற்றியில் பட்டம் கட்டாமல் பெண்ணை மணவறைக்கு அனுப்புகிற வழக்கம் அந்தப் பக்கத்தில் எந்தத் தெருவிலும் கிடையாது. பட்டத்தை அவன்தான் வாங்கிவர வேண்டும், அவன் கையால்தான் கட்ட வேண்டும். அவன் கல்யாணப் பந்தலுக்குள் வந்தால் நான் வெளியே போய்விடுவேன் என்று கலியமூர்த்தி சொல்லிவிட்டார். அம்மனைச் சாய்த்தவர் வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன் என்று பக்கிரி சொல்லியனுப்பிவிட்டான். இலக்கியாவோ, சின்ன வயதில் தினமும் தன்னைச் சைக்கிளில் முன்னால் உட்கார வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்ட மாமாவைத் தவிர வேறு யார் கையும் தன் நெற்றியில் படக்கூடாது, பட்டால் கல்யாணமே வேண்டாம் என்றாள். சொன்னால் சொன்னதுதான் என்கிற பிடிவாதம் அவளுக்கு அப்பா வழியில் வந்ததா மாமா வழியில் வந்ததா என்று அஞ்சுகத்துக்குக் கண்டுபிடிக்க முடியவில்லை.

கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்ததும் முதல் பத்திரிகையை அம்மன் காலடியில் வைக்க வேண்டும். மாசிலாமணி வெறும் பீடத்துக்குத்தான் பூசை செய்துகொண்டிருந்தார், அவருக்கு ஏணி என்றால் தலை சுற்றும். பீடத்திலேயே வைத்துவிட்டுப் போம்மா, அவளுக்குத் தெரியும் என்றார். அது அஞ்சுகத்துக்கு மனசுக்கு ஒப்பவில்லை. ஆனி மாத மத்தியானம், இரண்டு பந்தலிலும் கயிற்றைக் காலில் சுற்றிக்கொண்டு ஆட்கள் உறங்குகிற நேரமாகப் பார்த்து, பெயின்டர் ஏணியை மில் சுவரில் சாத்தி, வெற்றிலை பாக்கு பழத்தோடு பத்திரிகையை மடியில் கட்டிக்கொண்டு ஏறினாள்.

அவ்வளவு பக்கத்தில் அவள் அம்மனைப் பார்த்ததே இல்லை. எப்போதும் கும்பலுக்கும் தீபாராதனைப் புகைக்கும் நடுவில் பார்த்ததுதான். எத்தனையோ காலம் பாலும் தயிரும் ஊற்றி ஊற்றிக் கன்னத்து மேடு வழவழவென்று தேய்ந்திருந்தது, ஒரு பக்க மூக்குத்தியில் குளவி கூடு கட்டியிருந்தது, முகத்தில் கோபம் இருக்கும் என்று நினைத்து ஏறியவளுக்கு, ஊருக்குப் போன ஜனங்கள் எப்போது திரும்புவார்கள் என்று வாசலைப் பார்த்து நிற்கிற முகமாக அது தெரிந்தது. பத்திரிகையை அம்மனின் கை மடிப்பில் செருகினாள். வந்த வேலை அவ்வளவுதான், இறங்கியிருக்கலாம். ஆனால் இத்தனை மாதமாக யாரிடமும் சொல்ல முடியாததெல்லாம் நெஞ்சில் முட்டிக்கொண்டு வர, "தாயே, எந்தம்பி வரணும். வேற எதுவும் எனக்கு வேண்டாம். அவன் வராட்டி எம்பொண்ணு வாழ்க்க நின்னுபோவும், நான் யாருகிட்ட போயி நிப்பேன்" என்று சொல்லி, ஏணியைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுது முடித்து முகத்தைத் துடைத்துப் பார்த்தபோது, தன் நெற்றிக்கு நேராக இருந்த அம்மனின் பாதம் தாடைக்கு நேராக இருந்தது. விறைப்பாக இருந்த இரண்டு கயிறும் லேசாகத் தொய்ந்திருந்தன.

வேறு யாராக இருந்தாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டு ஊரைக் கூட்டியிருப்பார்கள். அஞ்சுகம் மறுநாள் மத்தியானம் மறுபடி ஏறிப் பார்த்தாள். சும்மா நின்றாள், ஒன்றும் நடக்கவில்லை. கற்பூரம் கொளுத்தினாள், ஒன்றும் நடக்கவில்லை. வாட்ஸ்அப்பில் வருகிற போற்றிப் பாட்டைப் போனில் வைத்துக் காட்டினாள்; அம்மன் ஒரு சாண் மேலே போனாள், அவசரமாக அதை அணைத்தாள். பிறகு முழங்கால் வலியைச் சொல்லிப் பார்த்தாள், பாதம் கொஞ்சம் இறங்கியது. முழங்கால் அன்றைக்கு அவ்வளவாக வலிக்கவில்லை என்பது அவளுக்கே தெரியும், அதனால்தான் கொஞ்சம் என்று நினைத்துக்கொண்டாள். மனசுக்குள் நிஜமாகக் கனக்கிறதைச் சொன்னால் இவள் கனக்கிறாள், அவ்வளவுதான் சங்கதி என்று மாவைத் தேய்த்துப் பார்த்துச் சொல்வதுபோலத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இறங்கினாள்.

அதை அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னதுதான் அவள் செய்த தப்பு. கலியமூர்த்தி சாப்பிட்ட கையைக் கழுவுவதற்குள் செய்தி குழுவில் போய்விட்டது. மறுநாளே வடக்குப் பந்தலில் அம்மனை இறக்கும் மாபெரும் கூட்டுப் பிரார்த்தனை என்று பேனர் கட்டினார்கள், தெற்குப் பந்தலில் அதைவிடப் பெரிய ஸ்பீக்கர் இறங்கியது. அம்மனுக்குக் கேட்க வேண்டும் என்பதைவிட எதிர்ப் பந்தலுக்குக் கேட்க வேண்டும் என்று இரண்டு பக்கமும் வேண்டிக்கொண்ட வேண்டுதலில், அவள் தென்னை உயரத்துக்குப் போய்விட்டாள்; கயிறு இரண்டும் கிறீச்சிட்டன, பிடித்தவர்களின் உள்ளங்கைத் தோல் உரிந்தது. உன் பேச்சைக் கேட்டு மானம் போனது என்று கலியமூர்த்தி கத்தினார். அஞ்சுகம் மறுநாள் உயரமான ஏணியாகப் பார்த்து வாடகைக்கு எடுத்துவந்தாள்.

மில்லில் கல் ஓடும்போது யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது, அதனாலேயே பெண்கள் அங்கே மனசுவிட்டுப் பேசுவார்கள். வெளிநாட்டுக்குப் போன பிள்ளை போன் எடுப்பதில்லை என்று ஒருத்தி, ஸ்கேனில் ஏதோ தெரிகிறது என்று சொன்னார்கள், வீட்டில் இன்னும் சொல்லவில்லை என்று ஒருத்தி. முன்பெல்லாம் அஞ்சுகம் உச்சுக் கொட்டிவிட்டு மாவை அள்ளிப் போடுவாள். இப்போது, இதை எங்கிட்ட சொல்லி என்ன, மாவு இறங்குறதுக்குள்ள மேல ஏறிச் சொல்லிட்டு வந்துடு என்று ஏணியைக் காட்டினாள். எங்களுக்கு அந்தச் சண்டைக்கார இடமே வேண்டாம் என்று முதலில் ஒதுங்கினார்கள். பிறகு ஒருத்தி ஏறினாள், அப்புறம் வடக்குத் தெருக்காரி ஏறும்போது தெற்குத் தெருக்காரி ஏணியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது, மறுநாள் இவள் ஏற அவள் பிடித்தாள். பள்ளிவாசல் தெரு ஜெய்த்தூன் பீவி, எனக்கு அல்லா இருக்கான், இருந்தாலும் இந்தப் பொம்பளைக்குப் புரியிற விஷயம் ஒண்ணு இருக்கு என்று முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஏறிவிட்டு வந்தாள். ஒருநாள் சிங்காரவேலர் வாத்தியாரே கோதுமை டப்பாவோடு வந்து, சம்சாரம் போனபிறகு வீட்டில் பேச ஆளில்லை, எனக்கு நம்பிக்கை கிடையாது என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் பேசுவேன் என்று நிபந்தனை போட்டு ஏறினார். அவர் இறங்கிவருவதற்குள் இரண்டாம் தடவையும் மாவு அரைத்து முடித்தாகிவிட்டது, அன்றைக்கு அம்மன் ஒரு முழம் இறங்கியிருந்தாள்.

கயிறு தொய்வதை இரண்டு பந்தலும் கவனிக்காமல் இல்லை. எங்கள் கோஷத்துக்குத்தான் இறங்குகிறாள் என்று இரண்டு குழுவிலும் செய்தி ஓடியது, அஞ்சுகம் இந்தத் தடவை வாயே திறக்கவில்லை. ஆடி பிறந்தது, அம்மன் மில் கூரை உயரத்துக்கு வந்தாள், ஆள் எட்டிப் பிடிக்கிற உயரத்துக்கு இன்னும் இரண்டு கை விரித்த நீளம் இருக்கும்போது நின்றாள், அதற்குமேல் இறங்கவில்லை. பெண்கள் என்ன சொல்லியும் அசையவில்லை. அஞ்சுகத்துக்குத் தூக்கம் போனது. திருவிழா முடிந்தால் ஆவணி, ஆவணி வந்தால் பட்டம்.

அந்த நாட்களில் ஒரு மத்தியானம், பெல்ட் மாற்றுவதற்காக மில்லுக்குள் குனிந்திருந்தவள் நிமிர்ந்து ஜன்னல் வழியே பார்த்தபோது ஏணியில் பக்கிரி நின்றிருந்தான். பந்தலில் கயிறு பிடிக்கிற முறைக்காரன் உறங்குகிறானா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு, ஆறடி ஆள் சின்னப் பையன் மாதிரி அம்மனின் பாதத்துக்கு அருகில் வாயைக் கொண்டுபோய் எதையோ சொன்னான். அவன் உதடு அசைவதுதான் தெரிந்தது. அவன் இறங்கிப்போன பிறகு, எதிர்ச் சந்தின் நிழலிலிருந்து கலியமூர்த்தி வந்தார்; அவர் அவன் போவதற்காகக் காத்திருந்திருக்கிறார். பெருத்த உடம்பைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க ஏறி, அவரும் சொன்னார், சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை வெகுநேரம் துடைத்துக்கொண்டு நின்றார். என்ன சொன்னீர்கள் என்று அஞ்சுகம் அன்றைக்கும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. தொட்டுப் பார்க்காமல் விட்ட ஒரே விஷயம் அவளுக்கு அதுதான்.

ஆடிக் கடைசி வெள்ளி சாயங்காலம் இரண்டு கயிறும் ஒரே நேரத்தில் தரையில் விழுந்தன. அம்மன் தானாக, எழுந்தபோது எப்படி அவசரமில்லாமல் எழுந்தாளோ அப்படியே இறங்கி, கீழே நிறுத்தியிருந்த பல்லக்கில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவுடன் பல்லக்கின் கால்கள் ரோட்டில் அழுந்தியதை எல்லோரும் பார்த்தார்கள். வடக்குத் தெரு இளைஞர்கள் நாங்கள் மட்டும் தூக்குகிறோம் என்று பாய்ந்தார்கள், பல்லக்கு அசையவில்லை. தெற்குத் தெரு இளைஞர்கள் அவர்களை ஒதுக்கிவிட்டு நாங்கள் மட்டும் என்று வந்தார்கள், அப்போதும் அசையவில்லை. பந்தோபஸ்துக்கு வந்திருந்த போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு கை கொடுத்துப் பார்த்தார். கடைசியில் மாசிலாமணி, வேறு யாரும் பேசாததால், பழைய ஆட்கள் பழைய இடத்தில் நில்லுங்கள் என்று சொன்னார். பிறகு வடக்குத் தண்டின் முன்னால் கலியமூர்த்தி போய் நின்றார், தெற்குத் தண்டின் முன்னால் பக்கிரி போய் நின்றான், பின்னால் தண்டுக்கு ஆறு பேர் என்று சேர்ந்தார்கள், பல்லக்கு எழுந்தது.

இரண்டு வருஷம் கயிறு பிடித்த கைகள், தோள் பழக்கம் விட்டுப்போயிருந்தது. ஒரு தெரு சுற்றி மறுபடி நாலுமுக்குக்கு வருவதற்குள் ஆட்களின் முகம் கறுத்துவிட்டது. மில் வாசலில் குடத்தோடு நின்ற அஞ்சுகம் தம்பியின் வலது தோளைப் பார்த்தாள்; தோல் வழன்று ரத்தம் கசிந்தது, தண்டு நழுவப் பார்த்தது. மாற்றித்தான் ஆக வேண்டும், சொல்லாமல் மாற்றினால் இத்தனை கனமும் ஜனத்தின் மேல் சரியும், சொல்வதென்றால் அந்த ஆளிடம் சொல்ல வேண்டும். மேளக்காரர்கள் என்ன தோன்றியதோ வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

"மச்சான்," என்றான் பக்கிரி, எதிரே பார்த்தபடி. "தோள் மாத்தணும்."

கலியமூர்த்தியின் முகம் திரும்பவில்லை. கழுத்து நரம்பு மட்டும் அசைந்தது. "மாத்து மாப்ள," என்றார், "நான் புடிச்சிக்கிறேன்."

பக்கிரி தண்டுக்கு அடியில் குனிந்து மறுபக்கம் வந்த அந்த ஒரு மூச்சு நேரம் கலியமூர்த்தி இரண்டு பங்கையும் வாங்கிக்கொண்டு நின்றார், முட்டி கிடுகிடுவென்று ஆடியது, அம்மன் ஒரு நூல்கூடச் சாயவில்லை. கொஞ்ச தூரம் போனதும் அவர் சொன்னார், இவன் மாத்து என்றான். பின்னாலும் ஒவ்வொருவனாகச் சொல்லிக்கொள்ள ஆரம்பித்தார்கள். ஜனம் கத்தவில்லை, யாரும் போனைத் தூக்கிப் பிடிக்கவில்லை, தெருவே அந்தக் குரல்களைக் கேட்டுக்கொண்டு நின்றது. அஞ்சுகம் கண்ணைத் துடைக்காமலே குடத்தைத் தூக்கிக்கொண்டு போய் வீட்டுக்காரர் காலில் மஞ்சள் தண்ணீரை ஊற்றினாள். பிறகு பல்லக்கின் முன்னால் சுற்றிவந்து, இரண்டு வருஷத்துக்குப் பிறகு, தம்பி காலில் ஊற்றினாள். பக்கிரி அவளைப் பார்க்கவில்லை, ரோட்டைப் பார்த்துக்கொண்டு மூச்சு வாங்கினான்.

"அக்கா," என்றான். "பட்டம் கும்மோணத்துல செய்யச் சொல்லி ஆனி மாசமே குடுத்துட்டேன். வர்ற வெள்ளிக்கெழம கைக்கு வந்துரும்."

குடத்தில் இன்னும் தண்ணீர் இருந்தது. அஞ்சுகம் அதையும் அவன் காலிலேயே ஊற்றினாள்.